சிலுவைப்போர்க் களத்திலிருந்து வீட்டுக்கு வந்த கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் உர்பன், ஜெருசலேமை முஸ்லிம்களிடமிருந்து மீட்கக் கிழக்கே புறப்படுங்கள் என்று ஊரையே கூட்டி அழைத்தார். அன்று தொடங்கிய சிலுவைப்போர்கள், 1291-இல் ஆக்ரே துறைமுகம் எகிப்தின் மம்லூக் படையிடம் விழும்வரை, ஏறத்தாழ 200 வருடம் விட்டுவிட்டு நடந்தன. போனவர்கள் வீட்டுக்குக் கடிதம் போட்டார்கள். அவற்றில் ஒரு சிறு பகுதி இன்றும் படிக்கக் கிடைக்கிறது. இந்தப் போர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் வாள், கோட்டை, அரசர் என்றே கேட்பார்கள். கடிதங்கள் இருக்கின்றன என்று சொன்னதும் கேள்விகள் வேறு மாதிரி வர ஆரம்பிக்கும். அப்படி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

வரலாற்று நூல்களே நிறைய இருக்கும்போது கடிதங்களை எதற்குத் தனியாகப் படிக்க வேண்டும்?

வரலாறு எழுதியவர்களுக்கு முடிவு தெரியும். ஜெருசலேம் பிடிபட்ட பிறகு உட்கார்ந்து எழுதுகிறவர், அதற்கு முன் நடந்த ஒவ்வொன்றையும் அந்த வெற்றிக்கு இட்டுச் சென்ற படியாகவே எழுதுவார். கடிதம் எழுதியவருக்கோ நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. இதற்காகத்தான் நான் இவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

1097 ஜூனில், இன்றைய துருக்கியில் உள்ள நைசியா நகரம் பணிந்த கையோடு, புளுவா நாட்டுப் பிரபு ஸ்டீபன் மனைவிக்கு எழுதுகிறார்: இங்கிருந்து ஐந்து வாரத்தில் ஜெருசலேமில் இருப்போம், அந்தியோக்கியா குறுக்கே நிற்காவிட்டால். அந்தியோக்கியா நின்றது. ஏழு மாதத்துக்கு மேல் அதன் மதிலுக்கு வெளியே படை கிடந்தது. ஜெருசலேம் பிடிபட்டது 1099 ஜூலை 15-இல்தான். ஐந்து வாரம் என்றது இரண்டு வருடம் ஆனது, அதுவும் ஸ்டீபன் இல்லாமல்.

இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட், 1191 அக்டோபர் 1-ஆம் தேதி யாஃபாவிலிருந்து எழுதும்போது, கிறிஸ்துமஸ் முடிந்து 20 நாளுக்குள் ஜெருசலேமை மீட்டுவிட்டு ஊர் திரும்புவோம் என்று நம்பிக்கை சொல்கிறார். ஜனவரியில் படை நகரத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே திரும்பியது. ஜெருசலேம் கடைசிவரை அவர் கைக்கு வரவில்லை.

பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயியின் தம்பி ராபர்ட், 1249 ஜூனில் எகிப்தின் டமியேட்டா நகரம் பிடிபட்ட செய்தியை அம்மா பிளான்ஷுக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். எட்டு மாதம்கூட ஆகவில்லை, மன்சூரா நகரத்துத் தெருக்களில் அவர் கொல்லப்பட்டார்.

மூவரும் பொய் சொல்லவில்லை. எழுதிய அன்று அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால் எந்தக் கடிதத்தை எடுத்தாலும் முதலில் தேதியைப் பாருங்கள்.

இவற்றை யார் எழுதினார்கள்? சாதாரண வீரனும் எழுதினானா?

காலாள் எழுதியது எதுவும் நம் கைக்கு வரவில்லை. எழுத ஆள் வேண்டும், எழுதுவதற்குப் பதப்படுத்திய தோல் வேண்டும், கொண்டுபோக ஆள் வேண்டும். இந்த மூன்றும் பிரபுக்களுக்கும் ஆயர்களுக்கும் வாய்த்தன. அதனால் நாம் கேட்பது படையின் மேல்தட்டுக் குரல்.

அந்தப் பிரபுக்களும் பெரும்பாலும் தம் கையால் எழுதவில்லை. கூடவே வந்த பாதிரியாரிடம் சொல்வார்கள், அவர் எழுதுவார். பேசியது பிரெஞ்சு போன்ற வட்டார மொழியில், எழுதியது லத்தீனில். ஊரில் கடிதம் பிரித்ததும் இன்னொரு பாதிரியார் அதை வாசித்து மறுபடி பேச்சுமொழியில் சொல்வார். ஒரு கணவன் மனைவிக்குச் சொன்ன சொல் இரண்டு பாதிரியார்களைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. அதையும் மீறி ஒரு மனிதரின் குரல் சில இடங்களில் கேட்கிறது.

ஸ்டீபனின் இரண்டாவது கடிதத்தில் இதை நேரடியாகவே பார்க்கலாம். என் பாதிரியார் அலெக்ஸாண்டர் இதை ஈஸ்டருக்கு மறுநாள் மிகுந்த அவசரத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நம் ஆட்கள் சிலர் துருக்கியரைத் தாக்கி ஜெயித்து, 60 குதிரை வீரர்களின் தலைகளை முகாமுக்குக் கொண்டுவந்தார்கள் என்கிறார். 1098-இல் ஈஸ்டர் மார்ச் 28. ஆகவே நாள் மார்ச் 29. மை காய்வதற்குள் வந்த செய்தியை அப்படியே சேர்த்திருக்கிறார்கள். எழுதுகிற பாதிரியார், வெளியே கூச்சல், முகாமுக்குள் வரும் தலைகள், எல்லாம் ஒரே நாளில். வீட்டில் இருக்கும் மனைவிக்கு இதை எழுதத் தயங்கவே இல்லை என்பதும் அந்தக் காலத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது.

லத்தீன் இல்லாமல் பிரெஞ்சிலேயே வந்த கடிதமும் உண்டு. ஒன்பதாம் லூயியின் அரண்மனை அலுவலர் ஜான் சராசான், டமியேட்டா வெற்றி பற்றிப் பாரிஸ் நகரவாசி நிக்கோலா அரோடுக்கு எழுதியது அது. கப்பல் பயணம், புயல், கரையிறங்கியது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஊர் போய் வந்து கதை சொல்வதுபோல இருக்கும்.

ஸ்டீபன் தன் மனைவிக்கு அப்படி என்னதான் எழுதினார்?

என்னைக் கேட்டால் இந்தக் கடிதங்களில் மனதுக்கு மிக நெருக்கமானவை இந்த இரண்டும்தான். கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) அவர் அனுப்பிய இன்னொன்று தொலைந்துவிட்டது.

மனைவி அடேலா சாதாரணப் பெண் இல்லை. இங்கிலாந்தைப் பிடித்த முதலாம் வில்லியமின் மகள். லத்தீன் தெரிந்தவர். கணவன் இல்லாத காலத்தில் நாட்டை நிர்வாகம் செய்தவரும் அவரே. அவருக்கு ஸ்டீபன் எழுதுகிற முதல் கடிதத்தில் பாதிக்கு மேல், கான்ஸ்டாண்டிநோபிளில் ஆண்ட பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோஸின் புகழ்தான். பத்து நாள் தன்னை மகனைப்போல வைத்துக்கொண்டார், இன்று வானத்துக்குக் கீழே அவருக்கு நிகர் யாரும் இல்லை, நம் பிள்ளைகளில் ஒருவனைத் தன் அரண்மனைக்கு அனுப்பச் சொன்னார் என்று அடுக்குகிறார். அப்புறம் ஒரு வரி: அன்பே, உன் அப்பா எவ்வளவோ பெரிய பரிசுகள் கொடுத்தவர், ஆனால் இவருக்கு முன் அவர் ஒன்றுமே இல்லை.

மாமனாரைப் பற்றி மனைவியிடம் இப்படிச் சொல்வதற்கு ஒரு உரிமை வேண்டும். ஒரு காலத்தில் ஊரெல்லாம் நடுங்கிய பெயர் வில்லியம். அவர் மகளைக் கட்டியவர், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி நின்று, உன் அப்பாவைவிடப் பெரியவரைப் பார்த்துவிட்டேன் என்று எழுதுகிறார். எந்த வரலாற்று நூலும் இந்த வரியைத் தந்திருக்காது.

இரண்டாவது கடிதம் அந்தியோக்கியா முற்றுகையிலிருந்து வந்தது. புறப்படும்போது நீ கொடுத்துவிட்டதைப்போல் இரண்டு மடங்கு தங்கமும் வெள்ளியும் இப்போது என்னிடம் இருக்கிறது என்கிறார். நான் வேண்டாம் என்றும் கேட்காமல் எல்லோரும் என்னைப் படைக்குத் தலைவனாக்கிவிட்டார்கள் என்கிறார். சிரியாவில் வெயில் தாங்காது என்று சொல்வதெல்லாம் பொய், இங்கே குளிர்காலம் நம் ஊர் மாதிரியே இருக்கிறது, குளிரும் கொட்டும் மழையும் எங்களை வாட்டி எடுத்துவிட்டன என்கிறார். கடவுள் அருளும் எங்கள் பணமும் இல்லாவிட்டால் கையில் காசு தீர்ந்தவர்கள் பட்டினியில் செத்திருப்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை. கடைசியில், மனதில் இருப்பதையெல்லாம் எழுத முடியவில்லை, நாட்டைக் கவனமாகப் பார்த்துக்கொள், பிள்ளைகளிடமும் குடிகளிடமும் முறையாக நடந்துகொள், திரும்பி வர முடிந்த உடனே வந்துவிடுவேன் என்று முடிக்கிறார்.

சொன்னபடி வந்தார், ஆனால் அவர் நினைத்த விதத்தில் இல்லை. கடிதம் எழுதி இரண்டு மாதம் கழித்து, ஜூன் 2-ஆம் தேதி, முகாமை விட்டுக் கிளம்பிவிட்டார். மறுநாளே அந்தியோக்கியா பிடிபட்டது. உள்ளே போன படையை வெளியிலிருந்து பெரிய துருக்கியப் படை வந்து சூழ்ந்தது. இனி அவர்கள் பிழைக்க வழியில்லை என்று, உதவிக்கு வந்துகொண்டிருந்த அலெக்சியோஸிடம் ஸ்டீபன் சொல்ல, பேரரசரும் பாதி வழியில் திரும்பிவிட்டார். முற்றுகையை உடைத்து ஜெயித்தவர்கள் அதை மன்னிக்கவில்லை. நண்பர்களைக் கைவிட்டு ஓடியவர் என்ற பெயரோடுதான் ஸ்டீபன் ஊர் வந்து சேர்ந்தார்.

கடிதம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? எத்தனை நாள் ஆகும்?

தபால் என்று ஓர் ஏற்பாடு கிடையாது. ஊர் திரும்பும் ஆள், கப்பல் ஏறும் வணிகர், இதற்கென்றே அனுப்பிய தூதர், இவர்கள் கையில் கொடுத்தனுப்புவார்கள். கடிதத்தில் எழுத முடியாததை வாயால் சொல்லவும் தூதர்தான் ஆள். அதனால் பல கடிதங்களில் முக்கியமான விஷயம் காணாமல் இருக்கும். அது தூதரோடு போய்விட்டது.

கடலுக்குப் பருவம் உண்டு. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலில் கப்பல்கள் அதிகம் ஓடாது. இலையுதிர் காலக் கப்பலைத் தவறவிட்டால் வசந்தம்வரை காத்திருக்க வேண்டும். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிப்பதால், போவதைவிடத் திரும்பி வருவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

ஒரு கணக்கு பாருங்கள். 1187 ஜூலை 4-இல் ஹத்தீன் போரில் முஸ்லிம் சுல்தான் சலாவுதீன், சிலுவைப்படையினர் அமைத்திருந்த ஜெருசலேம் நாட்டின் படையை அழித்தார். புதிய போப் எட்டாம் கிரகோரி அடுத்த சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தது அக்டோபர் 29-இல். அவ்வளவு பெரிய செய்தி, அவ்வளவு அவசரம், அப்படியும் கிட்டத்தட்ட நான்கு மாதம். இன்னொன்று: ஜெருசலேம் பிடிபட்ட பதினான்காம் நாள், 1099 ஜூலை 29-இல் உர்பன் இறந்துபோனார். எல்லாவற்றையும் தொடங்கிவைத்தவருக்குச் செய்தி வந்து சேரவே இல்லை. வெற்றியை விவரித்துப் படைத்தலைவர்கள் போப்புக்கு எழுதியதே செப்டம்பரில்தான்.

இவை சொந்தக் கடிதங்களா, ஊருக்கே படித்துக் காட்டியவையா?

இரண்டும்தான். இன்று நாம் நினைக்கும் அந்தரங்கக் கடிதம் அன்று அபூர்வம். ஒருவர் பெயருக்கு வந்தாலும் மடத்தில், கோயிலில், அரண்மனையில் உரக்க வாசிப்பார்கள், நகல் எடுத்து அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள்.

ரிப்மோன் ஊர்ப் பிரபு அன்செல்ம், ரீம்ஸ் பேராயர் மனாசஸுக்கு எழுதிய இரண்டு கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. முதல் கடிதம் 1097 இறுதியில் எழுதியது. அதில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. நைசியா போரில் செத்தவர்கள் தனி, நோயில் போனவர்கள் தனி. இவர்களுக்காகச் செபம் செய்யுங்கள் என்று வேண்டுகிறார். கெண்ட் ஊர் பால்ட்வின் என்ற பெயர் அங்கே வருகிறது. அவருடைய உறவினர் யாராவது அந்தக் கோயிலில் நின்று அந்தப் பெயரை முதல்முறை கேட்டிருக்கலாம். சாவுச் செய்தி வந்து சேர்ந்த வழி இதுதான்.

அன்செல்மும் திரும்பவில்லை. 1099 பிப்ரவரியில் அர்க்கா கோட்டை முற்றுகையின்போது தலையில் கல் விழுந்து இறந்தார். ஜெருசலேம் பிடிபட்டது என்று தெரிந்ததும் மனாசஸ் தாமே அராஸ் ஆயர் லாம்பெர்ட்டுக்கு எழுதி, உங்கள் கோயில்களிலும் செபம் செய்யுங்கள் என்றார். செய்தி இப்படித்தான் ஆயரிடமிருந்து ஆயருக்குத் தாவிப் போனது.

இத்தாலியின் லூக்கா நகரத்தில் இன்னும் அழகான ஒன்று நடந்தது. அந்த ஊர்க்காரர் புரூனோ, ஆங்கிலேயர் கப்பல்களோடு அந்தியோக்கியா போய், முற்றுகையைக் கண்ணால் பார்த்துத் திரும்பினார். அவர் வாயால் சொன்னதை 1098-இல் ஊர் மக்களும் பாதிரியார்களும் சேர்ந்து கடிதமாக்கி, எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் என்று முகவரியிட்டு அனுப்பினார்கள். பிரபு இல்லாத ஒருவரின் கண் நமக்குக் கிடைப்பது இங்கே.

பணம் கேட்டு எழுதினார்களா?

நிறைய. போர் கடவுளுக்காக என்றாலும் குதிரைக்குத் தீனி காசுக்குத்தான் கிடைத்தது.

இரண்டாம் சிலுவைப்போரின்போது பிரெஞ்சு அரசர் ஏழாம் லூயி, நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மடத்தலைவர் சூஜேவுக்குத் தொடர்ந்து எழுதினார். முக்கால்வாசியும் கடன் விவகாரம். டெம்ப்ளர்கள் (போர் செய்யும் துறவிகளின் சபை) எனக்குப் பெரும் தொகை கடன் கொடுத்தார்கள், அவர்கள் இல்லாவிட்டால் இங்கே கொஞ்ச நாள்கூடத் தாக்குப் பிடித்திருக்க முடியாது, தாமதிக்காமல் அங்கே திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சாத குறையாக எழுதுகிறார். கிழக்கே வாங்கி மேற்கே அடைக்கிற வழி அந்தச் சபை மூலமாகத்தான் வளர்ந்தது.

ஜெர்மானியப் பேரரசர் பிரடெரிக் 1189 நவம்பரில், வழியில் பைசாந்தியர்களோடு மோதல் முற்றியிருந்த நேரத்தில், மகன் ஹென்றிக்கு எழுதினார். வரவேண்டிய பாக்கிகளை வசூலித்து அனுப்பு, ஜெனோவா, வெனிஸ், பைசா நகரங்களிடம் கப்பல் கேள், எங்களுக்காகச் செபம் செய்யச் சொல். மூன்றும் ஒரே கடிதத்தில். அடுத்த ஜூனில் அவர் சலேஃப் ஆற்றில் மூழ்கி இறந்தார்.

ரிச்சர்டின் யாஃபா கடிதங்களிலும் இதே கதை. கிளேர்வோ மடத்தலைவருக்கு எழுதியதில், காசு தீர்ந்துவிட்டது, ஈஸ்டருக்கு மேல் இருக்க முடியாது, நீங்கள் போய் மக்களிடம் பேசி ஆளும் பணமும் திரட்டுங்கள் என்கிறார். இன்னொரு கடிதத்தில் இடது விலாவில் ஈட்டிக் காயம் பட்டதையும் அது ஆறிவிட்டதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறார்.

தோல்வியை எப்படி எழுதினார்கள்?

இங்கேதான் ஒவ்வொருவரின் குணமும் தெரிகிறது.

ஜெர்மானிய அரசர் மூன்றாம் கொன்ராட், 1148-இல் டமாஸ்கஸ் முற்றுகை சில நாளிலேயே குலைந்ததைத் தம் ஆலோசகரான மடத்தலைவர் விபால்டுக்கு எழுதும்போது, கொஞ்சமும் எதிர்பாராதவர்களே துரோகம் செய்தார்கள் என்று பழியைத் திருப்பிவிடுகிறார்.

டெம்ப்ளர் தலைவர்களில் ஒருவரான டெரிகஸ் ஹத்தீனுக்குப் பிறகு எழுதிய கடிதத்தில் சாக்குப்போக்கு எதுவும் கிடையாது. அன்று 230 சகோதரர்களின் தலைகள் வெட்டப்பட்டன, மே 1-ஆம் தேதி ஏற்கெனவே 60 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார். சண்டைக் கூட்டத்திலிருந்து தப்பிவந்தவரின் கை எழுதவைத்த எண்கள் அவை. அலங்காரமே இல்லாமல் படிக்கும்போது இன்னும் கனக்கிறது.

ஒன்பதாம் லூயி வேறு ரகம். 1250 ஏப்ரலில் படையோடு சிறைப்பட்டு, பெரும் தொகை ஒப்புக்கொண்டு மீண்டவர், ஆகஸ்டில் ஆக்ரேயிலிருந்து தம் நாட்டு மக்களுக்கு எழுதினார். தோற்றோம், பிடிபட்டோம், என் தம்பி ராபர்ட் போய்விட்டான் என்று நேராகவே சொல்கிறார். ஊர் திரும்பத்தான் நினைத்தேன், ஆனால் எகிப்தியர்கள் எல்லாக் கைதிகளையும் விடவில்லை, அவர்களை விட்டுவிட்டு வர மனமில்லை, உதவிக்கு வாருங்கள் என்கிறார். ஒரு அரசர் தன் தோல்வியை மக்களிடம் இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அந்தக் கடிதம் வருவதற்கு முன் பிரான்சில் என்ன நடந்தது தெரியுமா? கெய்ரோவே பிடிபட்டுவிட்டது என்று பொய்யான வெற்றிச் செய்தி பரவியிருந்தது. உண்மையை முதலில் கொண்டுவந்தவர்களை நம்பாமல் தூக்கில் போட்டுவிட்டார்கள் என்று அந்தக் காலத்து ஆங்கிலத் துறவி மேத்யூ பாரிஸ் எழுதிவைத்திருக்கிறார்.

இந்தக் கடிதங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

யாருக்கு, எதற்காக என்று கேட்டுக்கொண்டே படித்தால் நிறைய நம்பலாம். 1099 செப்டம்பர் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாலமோனின் ஆலயத்தில் எங்கள் ஆட்கள் குதிரைகளின் முழங்கால் அளவு ரத்தத்தில் சவாரி செய்தார்கள் என்கிறது அது. அந்த அளவு ரத்தம் தேங்க முடியாது. பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தலில் குதிரைக் கடிவாளம் மட்டும் ரத்தம் பெருகும் காட்சி உண்டு. எழுதியவர் மனதில் அது இருந்திருக்க வேண்டும். ஆனால் அளவு பொய் என்பதால் கொலையும் பொய் என்று ஆகாது. ஜெருசலேமில் முஸ்லிம்களும் யூதர்களும் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அதைக் குற்றமாக இல்லாமல் பெருமையாகப் போப்புக்கு எழுதினார்கள் என்பதைத்தான் இந்த வரியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு மனம் கசந்துவிடுகிறது.

சில கடிதங்கள் போலி. கிழக்கே யாரும் எழுதாமல், ஐரோப்பாவில் ஆள் திரட்டவோ மடத்தில் வாசிக்கவோ அங்கேயே எழுதப்பட்டவை என்று ஆய்வாளர்கள் சிலவற்றைச் சந்தேகிக்கிறார்கள். பேரரசர் அலெக்சியோஸ் பிளாண்டர்ஸ் பிரபு ராபர்ட்டுக்கு எழுதியதாகச் சுற்றிய கடிதம் அதில் பேர்போனது.

உண்மை பெரும்பாலும் சின்ன வட்டத்துக்குப் போன கடிதங்களில் இருக்கிறது. 1190 அக்டோபரில் ஆக்ரே முகாமிலிருந்து கேன்டர்பரி பேராயர் பால்ட்வினின் பாதிரியார் ஊரிலிருந்த துறவிகளுக்கு எழுதினார்: இந்தப் படையில் ஒழுக்கம் இல்லை, நிதானம் இல்லை, அன்பு இல்லை. அடுத்த மாதமே பேராயரும் அதே முகாமில் இறந்தார்.

மூலக் கடிதங்களைப் பார்க்க முடியுமா?

மேலே சொன்ன முதல் சிலுவைப்போர்க் கடிதங்கள் நகல்களாகவே தப்பிப் பிழைத்தன. துறவிகள் தங்களுக்குப் பிடித்ததை நகல் எடுத்தார்கள், மீதி போய்விட்டது. அன்று எழுதிய அதே தாளைப் பார்க்க வேண்டுமென்றால், கெய்ரோவில் கிடைத்து இன்று பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் போன்ற வெளிநாட்டு நூலகங்களில் இருக்கும் குவியலைத் தேடிப் போக வேண்டும். கெய்ரோவில் பழைய யூதத் தொழுகைக் கூடத்தின் அறை ஒன்றில், கடவுள் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்று நூற்றாண்டுக் கணக்கில் போட்டுவைத்த காகிதக் குவியல் 19-ஆம் நூற்றாண்டில் வெளியே வந்தது. மலபார் கரையில் மிளகு வணிகம் செய்த யூதர்களின் கடிதங்களும் அதில்தான் கிடைத்தன.

அந்தக் குவியலில், ஜெருசலேம் விழுந்த அடுத்த வருடம் அஸ்கலான் நகரத்து யூதப் பெரியவர்கள் எகிப்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஜெருசலேமில் சிறைப்பட்டவர்களைப் பணம் கொடுத்து மீட்கிறோம், கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது, இன்னும் அனுப்புங்கள். ஆட்களோடு சேர்த்து, கொள்ளைபோன வேத நூல்களையும் நூற்றுக்கணக்கில் விலை கொடுத்து மீட்டிருக்கிறார்கள். போப்புக்குப் போன வெற்றிக் கடிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நகரம் ஒன்றுதான்.

முஸ்லிம்கள் எப்படிச் செய்தி அனுப்பினார்கள்?

புறா அவர்களிடம் நன்றாகப் பழகிய முறை. 1099-இல் ஜெருசலேம் நோக்கிப் போன சிலுவைப்படை முகாமில், பருந்து அடித்த புறா ஒன்று விழுந்தது. ஆக்ரே தலைவர் செசரியா தலைவருக்கு எழுதிய எச்சரிக்கை அதன் உடம்பில் கட்டியிருந்தது. புறாவால் செய்தி போகும் என்பதே சிலுவைப்படையினருக்குப் புதுமை.

ஆக்ரே முற்றுகையின்போது புறாவோடு நீச்சல்காரர்களும் வேலை செய்தார்கள். சலாவுதீனோடு இருந்த பஹாவுதீன் ஒரு நீச்சல்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். பெயர் ஈசா. இரவில் பணத்தையும் கடிதங்களையும் இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரிக் கப்பல்களுக்கு அடியில் முங்கி நகரத்துக்குள் போய்விடுவார். சேர்ந்ததும் புறாவை விடுவார்கள். ஒருநாள் மூன்று பைகளில் 1000 தினாரும் கடிதங்களும் கட்டிக்கொண்டு போனார். புறா வரவில்லை. சில நாள் கழித்து நகரத்துக் கரையில் உடல் ஒதுங்கியது. இடுப்பில் தங்கம் அப்படியே இருந்தது, கடிதங்களும் இருந்தன.

பயணம், தங்குமிடம் போன்ற அன்றாட விவரங்கள் கிடைக்குமா?

அதற்கு ஜாக் த வித்ரியைப் படிக்க வேண்டும். 1216-இல் ஆக்ரே ஆயராகப் போனவர். 1216-க்கும் 1221-க்கும் இடையில் எழுதிய ஏழு கடிதங்கள் இருக்கின்றன. ஜெனோவாவில் கப்பல் ஏறும்முன் எழுதியதில், புதுக் கப்பலில் தனக்கும் தன் ஆட்களுக்கும் பிடித்த இடங்களைச் சொல்கிறார்: சாப்பிடவும் படிக்கவும் ஒன்று, படுக்க ஒன்று, வேலைக்காரர்களுக்கு ஒன்று. வழியில் ஆற்றைக் கடக்கும்போது தன் புத்தகப் பெட்டி தண்ணீரோடு போகப் பார்த்ததையும் எழுதுகிறார். ஆளைவிடப் புத்தகத்துக்குப் பயந்தவர் என்று தோன்றும்.

1220-இல் எழுதிய கடிதத்தில், அசிசியின் பிரான்சிஸ் சுல்தான் அல்-காமிலிடம் துணிந்து போய்ப் பேசியதைக் குறிப்பிடுகிறார். அந்தச் சந்திப்புக்கு மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று அது. கூடவே ஒரு வருத்தம்: என் பாதிரியார் கோலினும் இன்னும் சிலரும் என்னை விட்டுப் பிரான்சிஸ் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். உலகம் பிரான்சிஸைப் பற்றி அறிய விரும்பும் இடத்தில் இவர் ஆள் குறைந்த கவலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டிலிருந்து போன பதில்கள் கிடைத்திருக்கின்றனவா?

மிகக் குறைவு. ஏழாம் லூயிக்குச் சூஜே எழுதிய ஒரு பதில் உண்டு. கிழக்கே அரசருக்கும் அரசி எலினோருக்கும் மனஸ்தாபம் என்று கேள்விப்பட்டு, கோபம் இருந்தாலும் ஊர் வரும்வரை மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று முதியவராக அறிவுரை சொல்கிறார். அரசரும் அப்படியே செய்தார். சூஜே 1151-இல் இறந்தார், 1152-இல் அந்தத் திருமணம் முறிந்தது.

ஒன்பதாம் லூயிக்கு வந்த ஒரு செய்தியின் கதை தெரியும். அவர் இன்னும் கிழக்கே இருந்தபோது, 1252 நவம்பரில் அம்மா பிளான்ஷ் இறந்தார். செய்தி 1253-இல் வந்து சேர்ந்தது. இரண்டு நாள் அவரிடம் யாராலும் பேச முடியவில்லை என்று கூடவே இருந்த நண்பர் ஜுவான்வில் பதிவு செய்திருக்கிறார்.

அடேலா ஸ்டீபனுக்கு எழுதியது ஒன்றும் மிஞ்சவில்லை. எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் நாட்டுப் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஓடிவந்த கணவனிடம் அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் ஆர்டெரிக் என்ற துறவியின் நூல் வழியாக நமக்கு வருகிறது: இளமையில் உங்களுக்கு இருந்த வீரத்தை நினைத்துப் பாருங்கள், மறுபடி போங்கள் என்று விடாமல் சொன்னாராம். 1101-இல் ஸ்டீபன் மறுபடி போனார். இந்த முறை ஜெருசலேமைப் பார்த்தார். 1102 மே மாதம் ரம்லாவில் எகிப்தியப் படையிடம் சிக்கி இறந்தார். அந்தப் பயணத்திலிருந்து அவர் மனைவிக்கு எழுதிய கடிதம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அடேலா அதற்குப் பிறகு பல வருடம் நாட்டை ஆண்டு, மார்சினி மடத்தில் துறவியாகி, 1137-இல் இறந்தார். அதற்குள் அவருடைய மகன், அப்பாவின் பெயரையே கொண்ட ஸ்டீபன், இங்கிலாந்தின் அரசராகியிருந்தார்.